சுங்கானின் மேற்பூச்சும் புகையின் சுவையும்

சுங்கானின் மேற்பூச்சு என்பது, புகையிலை புகைக்கப் பயன்படும் சுங்கானின் (பைப்) வெளிப்புறத்தில் இடப்படும் சாயம், மெழுகு, அரக்கு, வார்னிசு முதலிய படலங்களையும், அப்பரப்பில் செய்யப்படும் மணல்வீச்சு, செதுக்கல் போன்ற வேலைப்பாடுகளையும் குறிக்கும். இம்மேற்பூச்சு புகையின் சுவையை மாற்றுமா என்பது சுங்கான் செய்வோர், விற்போர், புகைப்போர் ஆகியோரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு விவாதமாகும். வார்னிசு பூசப்பட்ட சுங்கான் "மூச்சுவிடாது", ஆகவே சூடாகவும் ஈரமாகவும் கசப்பாகவும் புகையும் என்பது ஒரு சாராரின் கருத்து. புகை செல்வது சுங்கானின் உள்ளே, பூச்சு இருப்பது வெளியே, இரண்டும் சந்திப்பதே இல்லை என்பது மற்றச் சாராரின் கருத்து. மரத்தின் இயல்பு, வெப்பம் கடத்தப்படும் விதம், ஈரம் பரவும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு நோக்கினால், வெளிப்பூச்சின் நேரடி விளைவு மிகச் சிறியது என்றே கொள்ள வேண்டியுள்ளது. உட்புறப் பூச்சு, மரம் பதப்படுத்தப்பட்ட முறை, வாய்முனையின் பொருள் ஆகியவை சுவையைத் தெளிவாக மாற்றக்கூடியவை. நடைமுறையில் இவற்றின் குறைகள் பெரும்பாலும் வெளிப்பூச்சின் கணக்கில் எழுதப்படுகின்றன.

அமைப்பும் மரமும்

சுங்கான் கிண்ணம், காம்பு, வாய்முனை என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. கிண்ணத்தின் நடுவே துளைக்கப்பட்ட உட்குழியில் புகையிலை நிரப்பப்படும். உட்குழியின் அடியிலிருந்து ஏறத்தாழ 3.5 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள புகைவழி காம்பின் ஊடாக வாய்முனை வரை செல்கிறது. கிண்ணத்தின் சுவர் பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிப்புடையது. பெரிய சுங்கான்களில் இது இன்னும் கூடுதலாக இருக்கும்.

மரத்தாலான சுங்கான்களுள் மிகப் பெரும்பான்மையானவை பிரையர் எனப்படும் மரக்கட்டையில் செய்யப்படுகின்றன. இது மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் தண்டுக்கும் வேருக்கும் இடையே திரளும் கிழங்கு போன்ற முடிச்சாகும். கோர்சிக்கா, சார்தீனியா, இத்தாலியின் கலாபிரியா, கிரேக்கம், அல்சீரியா ஆகிய இடங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சேன்-குளோட் நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர் சுங்கான் தொழில் நிலைபெற்று, பின்னர் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது.

தோண்டியெடுத்த முடிச்சை அப்படியே சுங்கானாகக் கடைந்தால் அது வெடிக்கும். புகையும் சகிக்க முடியாத கசப்பாக இருக்கும். மரத்திலுள்ள சாறும் தனின் எனப்படும் துவர்ப்புப் பொருளுமே இதற்குக் காரணம். ஆகவே வெட்டிய கட்டைகளை நீரில் பல மணி நேரம் கொதிக்கவைத்து, பின்னர் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில், மெதுவாக உலர்த்துகின்றனர். சுங்கானின் சுவை பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் கவனிக்கவேண்டிய கட்டம் இதுவே. அரைகுறையாகப் பதப்படுத்திய கட்டையில் செய்த சுங்கானை எந்த மேற்பூச்சும் திருத்துவதில்லை.

மேற்பூச்சு வகைகள்

மிகவும் எளிய மேற்பூச்சு மெழுகாகும். பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து பெறப்படும் கார்னோபா மெழுகை, சுழலும் துணிச்சக்கரத்தின் உதவியால் மரத்தின்மீது மிக மெல்லிய படலமாகத் தேய்த்து ஏற்றுவர். இது ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். சூட்டாலும் கைவியர்வையாலும் காலப்போக்கில் மங்கும். மீண்டும் தேய்த்தால் பளபளப்புத் திரும்பும். உயர்விலைச் சுங்கான்களில் பொதுவாகக் காணப்படுவது இதுவே.

இரண்டாவது அரக்கு. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் தூய்மைப்படுத்தி ஆல்ககாலில் கரைத்துப் பூசுகின்றனர். இந்தியா நெடுங்காலமாக இதன் முதன்மை உற்பத்தி நாடுகளுள் ஒன்றாகும். மெழுகு ஏறுவதற்கு அடித்தளமாக மிக மெல்லியதாகவும், தனியாகப் பளபளப்புக்காகச் சற்றுத் தடிப்பாகவும் அரக்கு பூசப்படுவதுண்டு.

மூன்றாவது நைட்ரோசெல்லுலோசு, பாலியூரித்தேன் முதலிய செயற்கை வார்னிசுகள். தெளித்தோ தோய்த்தோ விரைவாகப் பூசலாம். பளபளப்பு நெடுநாள் நிற்கும். தேய்க்கும் கூலி மிச்சம். எனவே தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்யப்படும் மலிவான சுங்கான்களில் இவை மிகுதி. சர்ச்சைக்கு உள்ளாவதும் இவையே.

சாயம் இவற்றுக்கு முன்னரே ஏற்றப்படுகிறது. ஆல்ககாலில் கரைந்த சாயம் மரத்துள் சிறிது ஆழம் மட்டும் இறங்கும். அடர்ந்த நிறச் சாயத்துக்கு அழகைவிட வேறொரு பயனும் உண்டு. பிரையர் முடிச்சினுள் மணலும் சிறு குழிகளும் இருப்பது இயல்பு. அக்குழிகளை மக்கு இட்டு நிரப்பி, மேலே கருஞ்சாயமும் வார்னிசும் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

மணல்வீச்சு என்பது மணலையோ அதுபோன்ற துகள்களையோ அழுத்தக் காற்றோடு மரத்தின்மீது வீசி, மென்மையான பகுதிகளை அரித்து, வளர்ச்சி வளையங்களை மேடுகளாக நிற்கவைக்கும் முறை. இலண்டனைச் சேர்ந்த ஆல்பிரட் டன்ஹில் நிறுவனம் 1917ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கோரி, "செல்" என்னும் பெயரில் இவ்வகைச் சுங்கான்களை விற்றது. இவற்றுக்கான மரம் எண்ணெயில் ஊறவைக்கப்பட்டு, பின்னர் சூடேற்றி அவ்வெண்ணெய் வெளியேற்றப்பட்டது. மேடுபள்ளமான தோற்றம் பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டது. எண்ணெய்ப் பதம் முதற்சில புகைகளில் நாக்குக்குப் பட்டது. இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து வந்தமையால், மணல்வீச்சுச் சுங்கானுக்கு என்றே ஒரு தனிச் சுவை உண்டு என்ற நம்பிக்கை வேரூன்ற இது வழிவகுத்திருக்கலாம்.

"மூச்சுவிடும்" மரம்

மேற்பூச்சுக்கு எதிரான வாதத்தின் மையம், பிரையர் மரம் தன் சுவரின் வழியே ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியேற்றுகிறது என்பதாகும். இதை ஈரம், வெப்பம் என இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவுதரும்.

புகையிலை எரியும்போது நீர் உண்டாகிறது. புகையிலையில் ஏற்கெனவே இருந்த ஈரமும் ஆவியாகிறது. இதில் பெரும்பகுதி புகையோடு புகைவழியில் சென்று, குளிர்ந்த காம்பிலும் வாய்முனையிலும் படிகிறது. ஒரு பகுதியை உட்குழியின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சப்பட்ட ஈரம் மரச்சுவரைக் குறுக்காகக் கடந்து வெளியே வருவது மிக மெதுவான நிகழ்வு. அடர்ந்த மரத்தில் ஈரம் பரவும் வேகத்தைக் கொண்டு கணித்தால், 7 மில்லிமீட்டர் சுவரைக் கடக்க அரை நாள் முதல் சில நாட்கள் வரை ஆகும். ஒரு முறை நிரப்பிய புகையிலையோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். ஆகவே புகைத்துக்கொண்டிருக்கும்போது வெளிப்பரப்பு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வாய்க்கு வரும் புகையில் அதனால் வேறுபாடு ஏற்பட வழியில்லை.

புகைத்து முடித்தபின் நிலைமை சற்று வேறு. ஒரு நாளோ இரு நாளோ சுங்கானை ஓய்வாக வைப்பது புகைப்போர் வழக்கம். அப்போது ஈரம் பெரும்பாலும் உட்குழியின் திறந்த பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. வெளிப்பக்கம் வார்னிசால் அடைபட்டிருந்தால் உலர்வது ஓரளவு தாமதமாகலாம். வெளிப்பூச்சுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் கணக்குக்கு நிற்கக்கூடியது இது ஒன்றே எனலாம். ஒரே சுங்கானை நாள்தோறும் பலமுறை புகைப்பவருக்கு இது பொருட்படுத்தத்தக்கது. மாற்றி மாற்றிப் பல சுங்கான்கள் வைத்திருப்பவருக்கு அன்று.

வெப்பத்தைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் எளிது. ஒரு பொருளின் வெப்பத் தடை அதன் தடிப்பைப் பொறுத்தது. வார்னிசுப் படலம் 0.05 மில்லிமீட்டர் என்று கொண்டால், 7 மில்லிமீட்டர் மரச்சுவரில் அது 140இல் ஒரு பங்கு. பிசின்களும் நெகிழிகளும் ஏறத்தாழ மரத்தை ஒத்த அளவிலேயே வெப்பத்தைக் கடத்துவன. மரச்சுவருக்கு வெளியே கிண்ணத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் மரத்தைவிடவும் பெரிய தடையாகும். இவை அனைத்தையும் கூட்டினால், மொத்த வெப்பத் தடையில் வார்னிசின் பங்கு 100இல் ஒன்றைக்கூட எட்டாது.

நிறம் பற்றியும் இவ்வாறே. கரிய சுங்கான் வெப்பத்தை விரைவாக இழக்கும் என்று கூறப்படுவதுண்டு. கிண்ணத்தின் வெப்பநிலையில் வெளிப்படுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். அக்கதிர்களைப் பொறுத்தவரை வெளிறிய மரம், கருஞ்சாயம் ஏறிய மரம், மெழுகு, வார்னிசு யாவும் ஏறத்தாழ ஒரே அளவில் கதிர்வீசுவன.

மணல்வீச்சுச் சுங்கான் குளிர்ச்சியாகப் புகையும், ஏனெனில் அதன் பரப்பு கூடுதல் என்பது மற்றொரு கூற்று. பரப்பு கூடுவது உண்மை. ஆனால் கிண்ணத்தைச் சூழ்ந்த காற்றுப் படலம் பல மில்லிமீட்டர் தடிப்புடையது. ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்களில் காற்று தேங்கியே நிற்கும். ஆகவே கூடிய பரப்பு முழுவதும் குளிர்விப்புக்கு உதவுவதில்லை. கையில் பிடிக்கும்போது இவ்வகைச் சுங்கான் சூடு குறைந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறு: விரல் மேடுகளை மட்டும் தொடுகிறது, ஆகவே கைக்கு வரும் வெப்பம் குறைகிறது. கை உணர்ந்த குளிர்ச்சி நாக்கின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

விளிம்பு

வெளிப்பூச்சும் நெருப்பும் நேரடியாகச் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அது கிண்ணத்தின் மேல்விளிம்பு. பற்றவைக்கும்போது தீச்சுடர் விளிம்பில் படுவதால், அங்கு வார்னிசு இருப்பின் அது கொப்புளித்து, கருகி, நெடி தரும். அரக்கும் சூட்டில் மென்மையாகிக் கருகும். மூக்குக்கு மிக அருகில் இருப்பதால் இந்நெடி சுவையோடு கலந்துவிடும். சில முறை புகைத்தபின் விளிம்பிலுள்ள பூச்சு எரிந்து தீர்ந்துவிடுவதால் இத்தொல்லையும் நீங்கும். "புதிதில் வார்னிசுச் சுவை அடித்தது, பிறகு சரியாகிவிட்டது" என்னும் அனுபவக் கூற்றுகளில் ஒரு பகுதியேனும் இதனால் விளங்கும்.

உட்புறப் பூச்சு

உட்குழியின் சுவர் நெருப்பையும் புகையையும் நேரடியாகத் தொடுகிறது. புதிய சுங்கானில் சில முறை புகைத்தபின் சுவரில் கரிப்படலம் ஒன்று படியும். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள இப்படலம் மரத்தை நெருப்பிலிருந்து காக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். அது படியும்வரை மரமே சிறிது கருகுவதால் முதற்புகைகள் சுவையற்றிருக்கும். இதைத் தவிர்க்கவே செய்வோர் உட்பூச்சு இடுகின்றனர்.

கரித்தூளைச் சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலில் குழைத்துப் பூசுவது ஒரு முறை. இது மரத்தை நன்கு காத்தாலும் முதற்சில புகைகளில் வேண்டாத சுவை தருகிறது என்ற முறையீடு பரவலாக உண்டு. மோரையோ தயிரையோ கரித்தூளுடன் குழைத்துப் பூசுவதும் சில கைவினைஞரிடம் வழக்கம். அமெரிக்காவில் 1932இல் அறிமுகமான யெல்லோ-போல் வகைச் சுங்கான்களின் உட்குழியில் தேன் கலந்த பூச்சு இடப்பட்டது. டாக்டர் கிராபோ என்னும் மற்றோர் அமெரிக்கப் பெயரில், இயந்திரத்தால் முன்னதாகவே புகைக்கப்பட்டுப் "பழக்கப்பட்ட" சுங்கான்கள் விற்கப்பட்டன. முதற்புகையின் கசப்பு எவ்வளவு பெரிய வணிகச் சிக்கலாக இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

வெளிப்புறச் சாயம் உட்குழிக்குள் வழிந்துவிடுவதும் உண்டு. சுங்கானை முழுதாகச் சாயத்தில் தோய்க்கும் இடங்களில் இது நேர்கிறது. அச்சாயம் புகைவெப்பத்தில் எரிந்து கசப்பூட்டும். கவனமாகச் செய்வோர் சாயம் ஏற்றுமுன் உட்குழியையும் புகைவழியையும் அடைத்துவிடுவர்.

பிற பொருள்களாலான சுங்கான்கள்

மரம் அல்லாத சுங்கான்களை ஒப்பிட்டால், உள்ளும் வெளியும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது புலனாகும்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் செருமன் மொழி பேசும் நாடுகளில் பீங்கான் சுங்கான்கள் பரவலாக இருந்தன. படம் தீட்டிய அழகிய கிண்ணங்கள் இவற்றின் சிறப்பு. ஆனால் பீங்கான் ஈரத்தைச் சற்றும் உறிஞ்சாது. எனவே சேரும் நீர் வாய்க்கு வராமல் தடுக்க, கிண்ணத்துக்குக் கீழே நீர் தேங்கும் தனிக் குடுவை ஒன்றை வைக்கவேண்டியிருந்தது. சூடான, ஈரமான புகைக்கு உண்மையான எடுத்துக்காட்டு இதுவே. இங்குக் குறை, சுவர் முழுவதுமே, உட்பரப்பு உட்பட, உறிஞ்சாப் பொருளாக இருப்பது.

இதற்கு நேர்மாறானது சோளக்கதிர்ச் சுங்கான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாசிங்டன் என்னும் ஊரில், நெதர்லாந்திலிருந்து குடியேறிய மரக்கடைசலாளர் என்றி டிப்பி 1869இல் இதனைச் செய்து விற்கத் தொடங்கினார். கதிர்த்தண்டின் வெளிப்புறத்திலுள்ள குழிகளைச் சுண்ணச்சாந்து போன்ற கலவையால் நிரப்பி வழுவழுப்பாக்கும் முறைக்கு 1878இல் காப்புரிமை பெறப்பட்டது. அதாவது வெளிப்பக்கம் சாந்தால் அடைக்கப்பட்டது. பல வகைகளில் அதன்மேல் வார்னிசும் பூசப்பட்டது. அப்படியிருந்தும் உலர்ந்த, இனிய புகைக்கு இச்சுங்கான் பெயர்பெற்றது. உட்புறம் பஞ்சு போன்று ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். "மூச்சுவிடும்" கொள்கைக்கு இதைவிட வலுவான மறுப்புக் கிடைப்பது அரிது.

மீர்சம் எனப்படும் செப்பியோலைட்டுக் கனிமத்தாலான சுங்கான்களில் மேற்பூச்சுக்கு உண்மையான வேலை உண்டு. துருக்கியின் எசுக்கிசெகிர் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இவ்வெண்கல் நுண்துளைகள் நிறைந்தது. செதுக்கிய சுங்கானை உருகிய தேன்மெழுகில் தோய்த்தெடுப்பர். புகையிலிருந்து வரும் எண்ணெய்ப் பொருள்கள் நுண்துளைகளின் வழியே நகர்ந்து மெழுகேறிய பரப்பில் சேர, ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மை மாறி மஞ்சளாகவும் பின்னர்ப் பழுப்பாகவும் நிறமேறும். இங்கும் மெழுகு தீர்மானிப்பது நிறத்தையே.

வாய்முனை

வார்னிசின்மீது சுமத்தப்படும் கசப்பு பல வேளைகளில் வாய்முனையிலிருந்து வருவதாகும். நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்ற கடின இரப்பர் (எபோனைட்டு), பின்னர் வாய்முனைகளுக்குப் பெருமளவில் பயன்பட்டது. இரப்பருடன் மிகுந்த அளவில் கந்தகம் சேர்த்து இது செய்யப்படுகிறது. வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு ஆக்சியேற்றமடைந்து பச்சை கலந்த பழுப்பாக மாறும். அப்போது கந்தக நெடியும் கசப்பும் தோன்றும். நேராக நாக்கில் படுவதால் சிறிதளவும் தெரியும். அக்ரிலிக்கு வாய்முனைகளில் இக்குறை இல்லை, ஆயினும் பற்களுக்கு அவை கடினமானவை.

பழி ஏன் மேற்பூச்சின்மீது விழுகிறது

வார்னிசுச் சுங்கான்கள் மோசமாகப் புகைகின்றன என்னும் அனுபவம் பொய்யன்று. வார்னிசு பூசப்படுவது பெரும்பாலும் மலிவான சுங்கான்களுக்கு. மலிவான சுங்கானில் மரம் குறைந்த காலமே உலர்த்தப்பட்டிருக்கும். மக்கு அடைத்த குழிகள் இருக்கும். புகைவழி உட்குழியின் அடியைச் சரியாகச் சந்திக்காமல் ஈரம் தேங்க இடமிருக்கும். இவை எல்லாம் சுவையைக் கெடுப்பவை. ஒன்றுகூட வெளியே தெரியாது. வெளியே தெரிவது வார்னிசின் பளபளப்பு மட்டுமே. குறையின் அடையாளமாக இருப்பதை மக்கள் குறையின் காரணமாகக் கொண்டுவிட்டனர். இதனால் வாங்குவோர் இருவகையில் ஏமாறுகின்றனர். மெழுகு தேய்த்த சுங்கான் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை தருகின்றனர்; நன்கு உலர்ந்த மரத்தில் செய்த சுங்கானை வார்னிசு உள்ளது என்பதற்காக ஒதுக்குகின்றனர்.

எதிர்பார்ப்பின் பங்கும் சிறிதன்று. சுவை என நாம் உணர்வதில் பெரும்பகுதி மணமாகும். மணத்தை இனங்காண்பதில் கண் எளிதில் குறுக்கிடும். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் திராட்சைமது பற்றிப் பயின்ற 54 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. மணமற்ற சிவப்புச் சாயம் சேர்த்த வெண்மதுவை அம்மாணவர்கள் செம்மதுவுக்குரிய சொற்களால் வருணித்தனர். சுங்கானை ஒவ்வொரு முறையும் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே புகைப்பவர் இவ்விளைவிலிருந்து விலகி நிற்பது கடினம்.

உடல்நலம்

மேற்பூச்சு எதுவாயினும் புகையின் தீங்கு மாறுவதில்லை. செருமானிய மருத்துவர் சாமுவேல் தோமசு சோமெரிங்கு 1795இலேயே சுங்கான் புகைப்போரிடம் உதட்டுப் புற்று மிகுந்திருப்பதைக் குறிப்பிட்டார். புகையிலை புகைத்தல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமையின் முதற்பிரிவுப் புற்றூக்கிகளுள் அடங்கும். சுங்கான் புகை வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும். "குளிர்ச்சியான", "உலர்ந்த" புகை என்னும் விற்பனைச் சொற்கள் சுவையை மட்டுமே குறிப்பன.

பூச்சை நீக்குதலும் சோதித்தலும்

வார்னிசை நீக்கினால் சுவை மேம்படும் என்று கருதிப் பழைய சுங்கான்களின் பூச்சைக் களைவோர் உள்ளனர். அரக்கு ஆல்ககாலில் கரையும். நைட்ரோசெல்லுலோசு அசிட்டோனில் கரையும். பாலியூரித்தேன் இரண்டிலும் கரையாது, தேய்த்தே எடுக்கவேண்டும். நீக்கியபின் மறைந்திருந்த மக்குகள் வெளிப்படுவதும், சேகரிப்போரிடையே அச்சுங்கானின் மதிப்புக் குறைவதும் உண்டு.

பூச்சு நீக்கியபின் புகை இனித்தது என்று கூறுவோர் பலர். ஆனால் பூச்சை நீக்கும் அதே நாளில் அவர்கள் உட்குழியின் பழைய கரிப்படலத்தைச் சுரண்டுகின்றனர். காம்பினுள் ஆல்ககால் விட்டுப் பல ஆண்டுத் தாரைக் கழுவுகின்றனர். வாய்முனையின் கந்தகப் படலத்தைத் தேய்த்து மெருகேற்றுகின்றனர். இவற்றுள் எது சுவையை மாற்றியது என்று அறிய, முதலில் உட்புறத்தையும் வாய்முனையையும் மட்டும் துப்புரவாக்கி, ஒரே புகையிலையை ஒரே ஈரப்பதத்தில் சில நாட்கள் புகைத்து, அதன்பின்னரே வெளிப்பூச்சை நீக்கிப் பார்க்கவேண்டும். புகைப்பவர் கண்ணை மூடியிருக்க, சுங்கானை வேறொருவர் துணியால் சுற்றிக் கொடுப்பதும் தேவை.